வெம்பாக்கத்துக் கழனியும் கிச்சிலிச் சம்பாவும்

ஆரணி என்றதும் நம் பெண்களுக்கு முதலில் ஞாபகம் வருவது பட்டுப்புடவை. கனமில்லாமல், கட்டுவதற்கு இதமாக, விலையும் கொஞ்சம் கைக்கு அடக்கமாக இருக்கும். அடுத்த ஞாபகம் அரிசி. சென்னையில் எந்த அரிசிக் கடையில் நுழைந்தாலும் 'ஆரணி பொன்னி', 'களம்பூர் பொன்னி' என்று மூட்டை மூட்டையாக அடுக்கியிருப்பார்கள். கட்டுகிற புடவையும் உண்கிற சோறும் ஒரே சீமையிலிருந்து வருவது விசேஷம்தானே!

அந்தச் சீமையின் ஓர் ஓரத்தில், காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றைத் தாண்டி இருப்பது வெம்பாக்கம். முன்பு வட ஆற்காடு ஜில்லா. 1989-லிருந்து திருவண்ணாமலை மாவட்டம். ஓட்டுப் போடுவதென்னவோ ஆரணி பாராளுமன்றத் தொகுதிக்கு. என் புகுந்த வீட்டாரின் சொந்த ஊர் வெம்பாக்கத்தை அடுத்த ஒரு சின்னக் கிராமம். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் நான் அங்கே போனதெல்லாம் விசேஷத்துக்கு ஒருநாள், காரியத்துக்கு ஒருநாள் என்றுதான். இந்தத் தை மாதம் பொங்கல் கழித்து ஒரு வாரம் தங்க நேர்ந்தது. அறுப்புக் காலம். கூடவே நிலம் சம்பந்தமாகக் குடும்பத்தில் ஒரு பேச்சும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தாம்பரத்திலிருந்து காஞ்சிபுரம் வரை ஒரு பஸ். அங்கிருந்து செவிலிமேடு வழியாகத் தெற்கே இன்னொரு பஸ். செவிலிமேட்டைத் தாண்டியதும் பாலாற்றுப் பாலம். பெயரில்தான் பால், பெரும்பாலான மாதங்களில் கீழே பார்த்தால் மணலும் முள்செடியும்தான். ஆனால் 2021 நவம்பரில் இதே ஆற்றில் கரை புரண்டு வெள்ளம் போனதைப் பார்க்க ஊரே திரண்டு வந்ததாம். ஆற்றை நம்பிப் பயனில்லை என்று தெரிந்துதான் நம் முன்னோர்கள் இந்தப் பக்கமெல்லாம் ஏரியாக வெட்டி வைத்திருக்கிறார்கள்.

அதில் பெரியது மாமண்டூர் ஏரி. தூசி மாமண்டூர் ஏரி என்றும் சொல்வார்கள். பல்லவ ராஜா மகேந்திரவர்மன் காலத்தோடு சேர்த்துப் பேசப்படுகிற, 1,400 வருஷத்துப் பழைய ஏரி. கல்வெட்டில் இதற்குச் 'சித்திரமேகத் தடாகம்' என்று பெயர். மேகமே வந்து தங்கினதுபோல என்று நினைத்துத்தான் வைத்தார்களோ என்னமோ, எனக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துவிட்டது. ஏரியை ஒட்டிய குன்றில் மாமண்டூர், நரசமங்கலம் என்ற இரண்டு ஊர்ப் பெயராலும் வழங்குகிற நாலு குடைவரைகள் இருக்கின்றன. ஒன்றில் மகேந்திரவர்மன் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' நாடகத்தைப் பற்றிய கல்வெட்டு இருக்கிறது. உள்ளே போனால் வெயில் தெரியாத குளுமை. வெளியே வந்து ஏரிக்கரையில் நின்றால், ஒரு பக்கம் கண்ணுக்கு எட்டின மட்டும் தண்ணீர். மறுபக்கம் மஞ்சள் கட்டிய கழனி. எங்களை அழைத்துப்போக மோட்டார் சைக்கிளில் வந்த நாத்தனார் மகன், "ஏன் அத்தை, வெறும் தண்ணிய இவ்ளோ நேரம் பாக்கறீங்க?" என்று கேட்டான். தினமும் பார்க்கிறவனுக்கு அது வெறும் தண்ணீர்தான்!

ஏரி என்றால் வெட்டி விட்டுவிட்டால் போதாது. வருஷா வருஷம் தூர் எடுக்க வேண்டும், கரையைப் பார்க்க வேண்டும், மதகைத் திறந்து மூடக் கணக்கு வேண்டும். இங்கிருந்து வெகு தூரமில்லாத உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் வருஷக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்று தனியாக ஒரு சபையே இருந்திருக்கிறது. சொந்த மனையில் வீடு, வரி கட்டுகிற நிலம், 35-லிருந்து 70 வயது என்று தகுதியெல்லாம் போட்டு, குடவோலையில் ஆள் எடுத்திருக்கிறார்கள். வீட்டில் தண்ணீர் டாங்க் கழுவுவதற்கே ஆள் ஆளுக்குச் சாக்குச் சொல்கிற நம் காலத்தை நினைத்துக்கொண்டேன்.

ஊர் போய்ச் சேரும்போது உச்சி வெயில். "இன்னா கண்ணு, இப்டி எளச்சிப் போயிட்ட? வா, மொதல்ல சோறு துன்னு. அப்பறம் கழனிக்குப் போவலாம்" என்று வாசலிலேயே நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டார். இவருக்கு மூத்தவர். அத்தை மகனுக்கே கொடுத்ததால் பிறந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவர். ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. ஆனால் நெல்லைப் பற்றி அவர் சொன்னதில் பாதியைக்கூட நான் எழுதிக் கொண்டுவர முடியவில்லை.

இலையில் விழுந்த சோறு நாம் வாங்குகிற பொன்னி மாதிரி பளீரென்று இல்லை. லேசான பழுப்பு. மெல்லிசான அரிசி. வெறும் மோர் ஊற்றிச் சாப்பிட்டாலே தித்திப்புத் தட்டுகிறது. "கிச்சிலிச் சம்பா" என்றார் நாத்தனார்.

இந்தப் பக்கத்தில் நெல்லுக்கு மூன்று போகம். சித்திரை, வைகாசியில் விதைத்து ஆவணியில் அறுப்பது சொர்ணவாரி. ஆடி, ஆவணியில் விதைத்துத் தையில் அறுப்பது சம்பா. மார்கழி, தையில் விதைத்துச் சித்திரையில் அறுப்பது நவரை. தஞ்சாவூர்க்காரர்கள் குறுவை, தாளடி என்பார்கள். சொர்ணவாரி என்ற அழகான பெயர் நம் வட மாவட்டங்களுக்கே சொந்தம். ஏரி நிரம்பினால்தான் சம்பா. கிணறு இருக்கிறவர்களுக்கே மற்ற இரண்டும்.

எங்கள் மாமியார் நாளில் சம்பாவுக்கு வாடன் சம்பா, கிச்சிலிச் சம்பா, சீரகச் சம்பா. குறுகிய நாளுக்குப் பூங்கார், குள்ளக்கார் என்று வீட்டுக்கு வீடு ரகம் இருந்ததாம். பிறகு காலம் மாறிற்று. 1960-களில் தேசம் முழுக்க அரிசிப் பஞ்சம். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி எத்தனை பெரிய விஷயமாக இருந்தது என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தச் சமயத்தில்தான், 1966-ல், பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஐ.ஆர். 8 என்ற குட்டை நெல் வந்தது. உரம் போட்டாலும் சாயாது, விளைச்சலோ அமோகம். தமிழ்நாட்டு விவசாயி ஒருவர் சந்தோஷம் தாங்காமல் பெற்ற பிள்ளைக்கே அந்த நெல்லின் பெயரை வைத்துவிட்டார்! நாம் கொண்டாடுகிற பொன்னியின் பூர்வீகம்கூட மலேசியாவின் மசூரி நெல்தான். வெள்ளைப் பொன்னி 1986-ல் வெளிவந்தது. நம் கடைகளில் ஆந்திரா பொன்னி என்று விற்கிற பி.பி.டி. 5204-ம் அதே வருஷம் பாபட்லாவிலிருந்து வந்தது. ஆகவே 'பாரம்பரியம்' என்று பேசும்போது புது நெல்லை வைவதில் எனக்குச் சம்மதமில்லை. அது வந்திராவிட்டால் நம்மில் எத்தனை பேர் வயிறு காய்ந்திருப்போமோ. வருத்தம் எதுவென்றால், புதிது வந்த வேகத்தில் பழைய விதையை யாரும் எடுத்து வைக்கவில்லை. ஒரு வருஷம் விதைக்காமல் விட்டால் அடுத்த வருஷம் முளைப்பு குறையும். இரண்டு மூன்று வருஷம் விட்டால் அந்த நெல் அந்த வீட்டில் செத்தது.

எங்கள் குடும்பத்திலும் அப்படித்தான் போயிற்று. மறுபடி எப்படி வந்தது என்பது ஒரு கதை. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் என்பவர் வருஷந்தோறும் நெல் திருவிழா நடத்தி வந்தார். நம்மாழ்வார் ஐயாவின் சீடர். ஊர் ஊராக அலைந்து 174 பாரம்பரிய ரகங்களை மீட்டவர். 2018 டிசம்பரில் புற்றுநோயால் காலமானார். அந்தத் திருவிழாவில் ஒரு ரகத்தில் இரண்டு கிலோ விதை இனாமாகக் கொடுப்பார்கள். அடுத்த வருஷம் அதை நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நாத்தனார் வீட்டு அண்ணன் அங்கே போய்ப் பூங்காரில் இரண்டு கிலோவும் கிச்சிலிச் சம்பாவில் இரண்டு கிலோவும் மடியில் கட்டிக்கொண்டு வந்தார். மறு வருஷம் எட்டுக் கிலோவைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. இன்றைக்கு அரை ஏக்கரில் கிச்சிலிச் சம்பா நிற்கிறது. 2021-ல் வந்த வேளாண்மைப் பட்ஜெட்டில் அரசாங்கமும் அவர் பெயரிலேயே பாரம்பரிய நெல் பாதுகாப்புக்கு ஓர் இயக்கத்தை அறிவித்தது.

விதையைப் பாதுகாப்பது இந்த வீட்டில் முழுக்க முழுக்கப் பெண்பிள்ளை வேலை. அறுப்புக்கு முன்னால் நாத்தனார் தனியாகக் கழனியில் இறங்கி, வரப்போரத்தை விட்டுவிட்டு நடுவில் நன்றாக முற்றிய கதிராகப் பார்த்து எடுக்கிறார். கலப்பு இருந்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது. எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. மூன்று நாள் காய வைத்து, நொச்சி இலையும் வேப்பிலையும் போட்டுக் குதிரில் கட்டிவைக்கிறார். விதைக்கும்போது ஒரு சோதனை. வாளித் தண்ணீரில் கோழிமுட்டை மிதக்கிற அளவுக்கு உப்பைக் கரைத்து, அதில் விதையைக் கொட்டினால் பதரும் அரைவயிற்று நெல்லும் மேலே வந்துவிடும். கீழே தங்கினது மட்டும் விதை. நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, ஒரு நாள் ஊறவைத்து, சாக்கில் கட்டி முளை காண வைக்கிறார். "கொழந்தைய தூங்க வெக்கற மாதிரிதான். சூடும் ஆவாது, காஞ்சும் பூடக் கூடாது" என்றார்.

மறுநாள் விடிகாலையில் அறுப்பு. மற்ற கழனிகளில் எல்லாம் அறுப்பு மிஷின் ஓடுகிறது. ஒரு மணி நேரத்தில் ஒரு ஏக்கர் காலியாகிவிடுகிறது. ஆனால் கிச்சிலிச் சம்பா இடுப்புக்கு மேல் வளர்ந்து, பனிக்கும் காற்றுக்கும் சாய்ந்து கிடந்தது. மிஷின்காரர் எட்டிப் பார்த்துவிட்டு "இது நமக்கு வேண்டாம்மா" என்று போய்விட்டார். ஆகவே கைறுப்புதான். எட்டுப் பேர் வந்தார்கள். எட்டு பேரும் பெண்கள். ஐம்பதுக்குக் கீழே ஒருவரும் இல்லை. மூத்த ஆயாவுக்கு எழுபது இருக்கும். நிமிர்ந்து நின்று பேச முடியாத இடுப்பு, குனிந்து அறுக்கும்போது மட்டும் வில்லாக வளைந்து கொடுக்கிறது. நானும் ஓர் அரிவாளை வாங்கி நாலு பிடி அறுத்தேன். கை பூரா நெல் அரித்துத் தடித்துப் போயிற்று. நான் எழுந்து நின்ற நேரத்தில் அவர்கள் ஒரு பத்தி முடித்திருந்தார்கள்.

"சின்னப் பெண்கள் யாரும் வரவில்லையா?" என்று கேட்டேன். ஆயா சிரித்தார். "அதுங்கல்லாம் கம்பெனி வண்டி ஏறிடிச்சிம்மா. அஞ்சரைக்கே வந்து ஆரன் அடிப்பான்" என்றார்.

செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டையில் செருப்பு, ஷூ தயாரிக்கிற பெரிய தொழிற்சாலைகள் இருக்கின்றன. இந்தச் சுற்றுவட்டாரத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே போகிறார்கள். நாத்தனாரின் மகளும் அங்கேதான் வேலை. சாயங்காலம் களைத்துப்போய் வந்தவளிடம், "கழனி வேலையெல்லாம் தெரியுமா உனக்கு?" என்று கேட்டேன். "தெரியும் அத்தை. பன்னெண்டு வயசுல நாத்து நட்டேன். ஆனா ஒண்ணாந்தேதி பொறந்தா பேங்க்ல சம்பளம் விழுவுது. பி.எஃப். புடிக்கறாங்க. ஒடம்பு சரியில்லன்னா இ.எஸ்.ஐ. இருக்குது. சேத்துல குனிஞ்சா இதெல்லாம் யார் குடுப்பா?" என்றாள். என்ன பதில் சொல்வது? அவளுடைய சம்பளத்தில்தான் வீட்டுக்கு ஓட்டை மாற்றிக் காரை போட்டிருக்கிறார்கள். கிராமத்துப் பெண் சேற்றிலேயே கிடக்க வேண்டும் என்று தாம்பரத்தில் மின்விசிறியின் கீழே உட்கார்ந்திருக்கிற நான் சொல்வது நியாயமில்லை. ஆனால் அந்த எட்டுப் பேருக்குப் பிறகு யார் என்ற கேள்வியும் நியாயமான கேள்விதான்.

களத்தில் கட்டு வந்து சேர்ந்ததும் அடித்து, தூற்றி, பதர் போக்கினார்கள். அரை ஏக்கரில் 75 கிலோ மூட்டையாக ஒன்பது தேறிற்று. பக்கத்துக் குண்டு நெல்லோ ஏக்கருக்கு முப்பதைத் தாண்டுகிறது. அதைக் கொள்முதல் நிலையத்தில் போட்டால், 2025-26 பருவத்துக்குச் சாதாரண ரகம் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய் என்று அரசு விலை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பதுதான் அங்கே தலைவலி. பனிக்காலத்தில் நெல்லைக் காயவைக்கத் தார்ரோட்டைத் தவிர இடமில்லை. "பின்னே எதற்கு அக்கா இதைப் போடுகிறீர்கள்?" என்று கேட்டே விட்டேன். நாத்தனார் விரலை மடக்கி எண்ணினார். உரம், பூச்சி மருந்துச் செலவு கிட்டத்தட்ட இல்லை. வைக்கோல் நீளம், இரண்டு பசுவுக்கு வருஷம் முழுக்க ஆகிறது. மிஷினில் அறுத்த வைக்கோல் நைந்து போவதால் மாடு முகர்ந்துவிட்டு நகர்கிறதாம். வீட்டுக்கு வேண்டிய அரிசி போக மிச்சத்தைத் தெரிந்தவர்களே வீடு தேடி வந்து வாங்கிப் போகிறார்கள். கடைசி விரலை மடக்காமலே வைத்துக்கொண்டு, "எங்கம்மா துன்ன சோறும்மா இது" என்றார்.

இப்போது நம் அடுப்படிக்கு வருவோம். நாத்தனார் வீட்டுச் சாப்பாட்டுக்கு நெல்லை வீட்டிலேயே புழுக்குகிறார். ராத்திரி அண்டாவில் ஊறவைத்து, காலையில் அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்க ஆவி கட்டி, நெல் லேசாக வாய் பிளந்ததும் இறக்கிக் காயவைக்கிறார். ஒரே வெயிலில் முறுக விட்டால் அரைக்கும்போது நொய்யாகப் போய்விடுமாம். பிறகு மில்லில் உமி மட்டும் நீக்கி, தீட்டாமல் வாங்கி வருகிறார்.

இந்தப் புழுக்குகிற வித்தைக்குப் பின்னால் பெரிய சங்கதி இருக்கிறது. ஜாவாவில் இருந்த எய்க்மன் என்ற டச்சு டாக்டர், தீட்டிய வெள்ளை அரிசியையே தின்ற கோழிகள் கால் துவண்டு விழுவதையும், தவிட்டோடு கொடுத்தால் தேறுவதையும் 1890-களில் கவனித்தார். மனிதர்களுக்கு வருகிற பெரிபெரி நோய்க்கும் அதுவே காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. தவிட்டில் இருக்கிற பி1 வைட்டமின்தான் அது. 1929-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அந்த வைட்டமினில் ஒரு பகுதி தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பழைய சென்னை ராஜதானியில், பச்சரிசி அதிகம் உண்ட ஆந்திரக் கடலோர ஜில்லாக்களில்தான் பெரிபெரி அதிகம். புழுங்கல் உண்ட நம் பக்கத்தில் அது வெகு அபூர்வம். ஊறவைத்துப் புழுக்கச் சொன்ன பாட்டிக்கு வைட்டமின் தெரியாது. பிள்ளைகள் சோர்ந்து போகாதது தெரியும்.

ஆகவே சகோதரிகளே, எந்த அரிசியானாலும் நுரை போகிறவரை ஐந்தாறு தடவை தேய்த்துக் கழுவாதீர்கள். இரண்டு தடவை போதும். ஊறவைத்த தண்ணீரிலேயே சமையுங்கள். வடித்தால் கஞ்சியைக் கொட்டாமல் ரசத்திலோ குழம்பிலோ சேருங்கள். கிச்சிலிச் சம்பாவுக்கு அரை மணி ஊறினால் போதும். தீட்டாத மாப்பிள்ளைச் சம்பா, கறுப்புக் கவுனி போன்றவற்றை முதல் நாள் ராத்திரியே ஊறப்போட வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை விசில் வந்தாலும் வேகாது. முதலில் இட்லி, கஞ்சி என்று பழக்குங்கள். திடீரென்று தட்டில் சிவப்புச் சோற்றைப் பார்த்தால் வீட்டில் புரட்சி வெடிக்கும்.

நாத்தனாரின் மருமகளுக்கு ஏழாம் மாதம். அவளுக்குக் காலையில் பூங்கார் அரிசிக் கஞ்சி. பிள்ளைத்தாய்ச்சிக்கும் பால் கொடுக்கிறவளுக்கும் பூங்கார் என்பது இந்தப் பக்கத்துப் பழைய நம்பிக்கை. சிவப்பரிசி, தவிட்டோடு இருப்பதால் சத்துக் கூடுதல் என்பது உண்மை. "இதயே குடிச்சா மாத்திர எதுக்கு?" என்று அவள் இழுத்தபோது மட்டும் நான் குறுக்கே விழுந்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற இரும்புச்சத்து, போலிக் அமில மாத்திரைக்கு எந்தக் கஞ்சியும் ஈடில்லை, இரண்டும் வேண்டும். அதேபோல ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு வெறும் அரிசிக் கஞ்சி பசியை அடக்குமே தவிர வளர்ச்சிக்குப் போதாது. வறுத்த அரிசியோடு நாலில் ஒரு பங்கு பாசிப்பருப்பும் சேர்த்துப் பொடித்து, கட்டியாகக் காய்ச்சி, ஒரு சொட்டு நெய் விட்டு ஊட்டுங்கள். மசித்த கீரை, பழம், முட்டை என்று ஒவ்வொன்றாகக் கூட்டலாம்.

நெல்லும் பட்டும் ஒரே சீமையில் இருப்பதாக ஆரம்பத்தில் சொன்னேன். அது வெறும் பேச்சுக்கில்லை. தெருக்கோடியில் ஒரு நெசவு வீடு இருந்தது. பாவு நூல் விறைப்பாக நிற்க அரிசிக் கஞ்சி தோய்த்துக் காயவைத்திருந்தார்கள். "கஞ்சி இல்லாமல் தறியும் ஓடாது, வயிறும் ஓடாது" என்று அந்த வீட்டு அம்மாள் தமாஷ் செய்தார். அவர்கள் வீட்டிலும் ஒரு தறிதான் ஓடுகிறது. மற்றொன்றின்மேல் துணி மூட்டை.

இனி நிலப் பேச்சு. மாமனார் விட்டுப்போன நிலம் ஒன்றரை ஏக்கர். நாத்தனார், இவர், கொழுந்தனார் என்று மூன்று பங்கு. பெண்ணுக்கு எதற்குப் பங்கு என்று ஊரில் இன்னும் கேட்கிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் உரிமை தரச் சட்டம் திருத்தப்பட்டது. 2005-ல் நாடு முழுவதற்கும் வந்தது. எங்கள் வீட்டில் அதில் தகராறு இல்லை. கிச்சிலிச் சம்பா நிற்பது எங்கள் பங்கில். மதகுக்கு முதல் கழனி. ஏரியில் கடைசிச் சொட்டு இருக்கிற வரை அதற்குத் தண்ணீர் கிடைக்கும்.

அந்தக் கழனியைத்தான் ஒருவர் விலைக்குக் கேட்டு வந்திருந்தார். பக்கத்தில் ஏற்கெனவே கல் நட்டு மனை பிரித்தாயிற்று. இந்தப் பகுதியில் நிலத்துக்கு எப்போதும் இரண்டு பேர் போட்டி, ஊருக்கும் தொழிற்சாலைக்கும். 2023-ல் செய்யாறு பக்கம் மேல்மாவில், சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் தர மறுத்து விவசாயிகள் மாதக்கணக்கில் போராட்டம் நடத்தினார்கள். அந்த நவம்பரில் ஏழு பேர்மீது குண்டர் சட்டம் போடப்பட்டது. எதிர்ப்பு வலுத்ததும் ஆறு பேர்மீது அரசு அதை விலக்கிக்கொண்டது. அதே தொழிற்பேட்டையில்தான் எங்கள் வீட்டுப் பெண்ணும் சம்பளம் வாங்குகிறாள். இரண்டையும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

எங்கள் நிலையும் சொல்ல வேண்டும். மகன் இஞ்சினியரிங் மூன்றாம் வருஷம். வீட்டுக் கடன் பாக்கி. அந்த அரை ஏக்கரை விற்றால் இரண்டும் தீரும். இவர் மனசில் அதுதான். எனக்கும் மாதக் கடைசியில் அதுதான் தோன்றும்.

ராத்திரி சாப்பாடானதும் எல்லோரும் உட்கார்ந்தோம். நாத்தனார் அழவுமில்லை, வையவுமில்லை. "வித்துக்கோ தம்பி. ஒன் பங்கு, ஒன் புள்ள படிப்பு. ஆனா ஆடியில வெதைக்க எனக்கு அந்த மதகுக் கழனிதான் வேணும். எம் பங்கு மேட்டுல கீது, அங்க சம்பா நிக்காது. மாத்திக்கறியா? ரோட்டோரம் கீற எம் பங்க நீ வித்துக்கோ. வெல கூடவே வரும்" என்றார். விலை அதிகம் போகிற இடத்தைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் பாய்கிற இடத்தைக் கேட்கிறார்! இவர் வெகுநேரம் பேசவில்லை. கொழுந்தனார் கணக்குப் போட்டார். நான் நாத்தனாரின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அரிவாள் பிடித்துக் காய்த்துப்போன கை.

மாற்றுப் பத்திரத்துக்கு என்ன செலவு, பட்டா எப்படி மாற்றுவது என்று இவர் விசாரித்துக்கொண்டிருக்கிறார். ரோட்டோர நிலத்தை விற்பதா, குத்தகைக்கு விட்டுக் கல்விக் கடன் வாங்குவதா என்பது இன்னும் முடிவாகவில்லை. மதகுக் கழனி மட்டும் ஆடிக்கு நாத்தனாருக்கு என்பது முடிவு.

போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: காஞ்சிபுரம் கோயில்களுக்கு வருகிறவர்கள் அரை நாள் ஒதுக்கினால் போதும். வந்தவாசி, செய்யாறு பஸ்களில் மாமண்டூர் போகலாம். ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஏரி நிரம்பியிருக்க வேண்டுமானால் மழைக்குப் பின், மார்கழி, தை. நடவு பார்க்க வேண்டுமானால் புரட்டாசி. குகைகளுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், பாறை சுடும். தண்ணீரும் கட்டுச்சோறும் கையில் இருக்கட்டும். குழந்தைகளை ஏரிக்கரையில் கையை விட்டு விடாதீர்கள். வரப்பில் நடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டால் வழுக்காது. களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தால் சுற்றிக்கொண்டு போங்கள். மிதித்துக்கொண்டு போனால் யாராவது ஓர் ஆயா நிச்சயம் சத்தம் போடுவார்.